கைக்கு எட்டாத வெள்ளைப் பந்துக்கு எந்த ரெஸ்ட்? டர்பன் பூல் ஆட்டக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெள்ளைப் பந்து மேசை நடுவில் போய் நின்றுவிட்டால், புதிதாக ஆட வந்தவர்கள் பெரும்பாலும் மேசைமேல் படுத்துவிடுகிறார்கள். வயிறு மேசை ஓரத்து ரப்பர் விளிம்பான குஷனில் அழுந்தும், ஒரு கால் அந்தரத்தில் இருக்கும், மறுகாலின் பெருவிரல் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த நிலையில் முழங்கை நேர்கோட்டில் போய்வராது. சட்டை நுனி ஒரு பந்தை உரசினாலும் ஃபவுல், அதாவது விதிமீறல்; தரையிலிருந்து இரண்டு காலும் எழும்பினாலும் ஃபவுல். டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கமெல்லாம் அதிகம் ஆடப்படுவது பிளாக்பால் என்னும் பூல் வகை. அதில் ஒரு ஃபவுல் விழுந்தால் எதிராளிக்கு முதலில் ஒரு ஃப்ரீ ஷாட், அதன் பிறகு அவருடைய வழக்கமான முறையும் கிடைக்கும். நன்றாக ஆடுகிறவருக்குத் தன் பந்துகளையெல்லாம் போட்டு ஆட்டத்தை முடித்துவிட அது போதும்.

இதற்காகவே உள்ள கருவி ரெஸ்ட். நீண்ட ஒரு தண்டு, அதன் முனையில் கியூவை, அதாவது பந்தை அடிக்கும் கோலை, தாங்குகிற ஒரு தலை, அவ்வளவுதான். இங்குள்ள கடைகளில் ‘ரெஸ்ட்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அமெரிக்க இணையக் கடைகளில் ‘மெக்கானிக்கல் பிரிட்ஜ்’ என்று தேட வேண்டும். ஆனால் அங்கே கிடைப்பவை பெரும்பாலும் அமெரிக்கப் பெரிய பந்துக்கும் தடித்த கியூவுக்கும் செய்யப்பட்டவை. நம் மேசைக்கு அவை பொருந்துமா என்று பார்க்காமல் வாங்கினால் பணம் வீண். பொருத்தம் பார்ப்பது எப்படி என்பதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பந்தும் கியூவும்

ரெஸ்ட் வாங்கக் கிளம்பும் முன்னால் இரண்டு அளவுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, நீங்கள் ஆடும் பந்தின் விட்டம். மற்றது, உங்கள் கியூவில் பந்தைத் தொடும் முனையான டிப்பிலிருந்து 20 செ.மீ. பின்னால் எவ்வளவு தடிமன் என்பது.

இங்குள்ள ஏழு அடி மேசைகளில் உருளும் பந்து 2 அங்குலம், அதாவது 50.8 மி.மீ. காசு போட்டு ஆடும் சில மேசைகளில், பாக்கெட்டில் விழுந்த வெள்ளைப் பந்தை மேசை தனியாகப் பிரித்துத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதற்காக, அது மட்டும் சற்றுச் சிறிதாக 47.6 மி.மீ. இருக்கும். ஸ்னூக்கர் பந்து 52.5 மி.மீ. அமெரிக்கப் பூல் பந்து 57.2 மி.மீ. ஸ்னூக்கருக்கும் நம் பூலுக்கும் உள்ள வேறுபாடு இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால் ஸ்னூக்கர் ரெஸ்டுகள் நமக்கு நன்றாகவே பொருந்தும். அமெரிக்கப் பந்துக்கும் நம் பந்துக்கும் இடையே ஆறு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறது. தொந்தரவு தொடங்குவது அங்கேதான்.

கியூவும் அப்படியே. நம் பக்கத்துக் கியூவின் டிப் 8 முதல் 9.5 மி.மீ. வரை இருக்கும், அங்கிருந்து பின்னோக்கிச் சீராகத் தடித்துக்கொண்டே போய், 20 செ.மீ. பின்னால் ஏறக்குறைய 10 மி.மீ. ஆகும். அமெரிக்கக் கியூவின் டிப்பே 12 அல்லது 13 மி.மீ. அதற்கென்று ரெஸ்ட் தலையில் வெட்டிய பள்ளத்தில் நம் மெல்லிய கியூ இப்படியும் அப்படியும் வழுக்கும். எவ்வளவு வழுக்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். பள்ளத்தில் கியூ பக்கவாட்டில் 2 மி.மீ. நகர்ந்தால், பின்னால் பிடித்திருக்கும் கையை மையமாக வைத்துப் பார்க்கையில் டிப் 2.3 மி.மீ. அளவுக்கு விலகும். வெள்ளைப் பந்தின் ஆரம் 25.4 மி.மீ. ஆகவே நடுவில் அடிக்க நினைத்தவர், தனக்கே தெரியாமல் ஆரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பக்கச் சுழல் கொடுத்துவிடுகிறார். பந்து நேராகப் போகாததற்குக் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள், காரணம் பள்ளத்தில் இருக்கும்.

தலையின் வகைகள்

கிராஸ் ரெஸ்ட் பெருக்கல் குறி போல இருக்கும். தண்டின் முனையில் நான்கு கைகள், மேலே இரண்டு கைகள் சேரும் கவட்டையில் கியூ உட்காரும். கவட்டை V வடிவம் என்பதால் மெல்லிய கியூவும் தடித்த கியூவும் தானாகவே நடுவுக்கு வந்துவிடும். பல தலைகளில் கைகளுக்கு இடையே உள்ள கோணங்கள் சமமாக இராது. தண்டைக் கால் சுற்றுத் திருப்பினால் கியூ உட்காரும் உயரம் மாறும். ஒரே தலையில் இரண்டு உயரம். நம் ஊர் மேசைக்கு ஒரே ஒரு ரெஸ்ட்தான் வாங்க முடியும் என்றால், தயங்காமல் கிராஸ் ரெஸ்டை வாங்குங்கள்.

ஸ்பைடர் என்பது வளைவுபோல உயர்ந்து நிற்கும் தலை. கால்கள் இருபுறமும் ஊன்ற, நடுவில் இடைவெளி இருக்கும். வெள்ளைப் பந்துக்குப் பின்னால் வழி மறிக்கும் பந்தைத் தாண்டி வைப்பதற்கு இது. மேலே மூன்று அல்லது ஐந்து பள்ளங்கள் இருக்கும், நடுவில் இடமில்லாவிட்டால் ஓரப் பள்ளத்தில் கியூவை வைக்கலாம். பிளாக்பாலில் மொத்தம் 16 பந்துகள் ஒரு சின்ன மேசையில் குவிந்திருப்பதால், ஆட்டத்தின் முதல் பாதியில் ஸ்பைடரின் தேவை அடிக்கடி வரும். வாங்கும்போது வளைவின் உள் உயரத்தை அளந்து பாருங்கள். 2 அங்குலப் பந்துக்குக் குறைந்தது 56 மி.மீ. இருந்தால்தான் பந்தை உரசாமல் வைத்து எடுக்க முடியும். அமெரிக்க மேசைக்கு 62 மி.மீ. இருக்கட்டும்.

கழுத்து நீண்ட ஸ்பைடர் ஒன்று உண்டு; கால்கள் பின்னால் நிற்க, பள்ளம் மட்டும் கொக்கின் கழுத்துபோல முன்னால் நீளும். பந்துகள் கூட்டமாக நின்று ஸ்பைடரின் காலை ஊன்றவே இடமில்லாதபோது உதவும். ஸ்னூக்கர் கிளப்பில் இது இருக்க வேண்டியதுதான். வீட்டு மேசைக்கு முதலிலேயே வாங்க வேண்டாம்.

அமெரிக்கத் தலை தட்டையான பலகைபோல, மேல் விளிம்பில் வரிசையாகப் பள்ளங்களோடும் ஒரு பக்கம் உயரமாக ஏறிய கொம்போடும் வரும். பித்தளையிலும் பிளாஸ்டிக்கிலும் கிடைக்கும். ஜோகன்னஸ்பர்க்கிலோ டர்பனிலோ ஒன்பது அடி அமெரிக்க மேசையில் நைன்பால் என்னும் பூல் வகையை ஆடுகிறவர்களுக்கு இது சரியான கருவி. ஏழு அடி மேசைக்காரர்கள் இதை வாங்குவதானால் பள்ளம் V ஆக இருக்கிறதா, அகன்ற U ஆக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். U ஆக இருந்தால் விட்டுவிடுங்கள்.

பள்ளத்தின் உயரம்: ஐந்து ரேண்ட் நாணயத்தால் ஒரு சோதனை

ரெஸ்ட் தேர்வில் மற்ற எல்லாவற்றையும்விட இந்த அளவு முக்கியம். கடைக்காரரே பெரும்பாலும் இதைச் சொல்ல மாட்டார்.

2 அங்குலப் பந்தின் மையம் துணியிலிருந்து 25.4 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. இருநிற ஐந்து ரேண்ட் நாணயத்தின் விட்டம் 26 மி.மீ. அந்த நாணயத்தை விளிம்பில் நிறுத்தினால் அதன் உச்சி ஏறக்குறைய வெள்ளைப் பந்தின் மைய உயரம். பையில் இருக்கும் காசே அளவுகோல் ஆகிவிடுகிறது.

ரெஸ்ட் தலையைத் தட்டையான பரப்பில் வைத்து, பக்கத்தில் நாணயத்தை நிறுத்திப் பாருங்கள். மிகத் தாழ்ந்த பள்ளத்தின் அடி, நாணயத்தின் உச்சிக்குச் சமமாகவோ மூன்று நான்கு மில்லிமீட்டர் மேலாகவோ இருக்க வேண்டும். அதாவது 26 முதல் 30 மி.மீ. வரை.

ஏன் இந்த அளவு? கியூ பின்னால் மேசை விளிம்பைத் தாண்டித்தான் உங்கள் கைக்கு வருகிறது. விளிம்பின் மரம் துணியிலிருந்து 40 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே கியூவின் தடிமனில் பாதி 10 மி.மீ., உரசாமலிருக்க 5 மி.மீ. சேர்த்தால் கியூவின் நடுக்கோடு அந்த இடத்தில் 55 மி.மீ. உயரத்தில் போக வேண்டும். வெள்ளைப் பந்து விளிம்பிலிருந்து 70 செ.மீ. உள்ளே இருந்தால், பந்தின் மையத்திலிருந்து விளிம்பு வரை அந்தக் கோடு 30 மி.மீ. ஏறுகிறது. பந்துக்கு 20 செ.மீ. பின்னால் நிற்கும் ரெஸ்டில் அதன் உயரம் ஏறக்குறைய 34 மி.மீ. கியூவின் பாதித் தடிமன் 5 மி.மீ. கழித்தால் பள்ளத்தின் அடி 29 மி.மீ. பந்து இன்னும் உள்ளே போகப் போக இந்த எண் 26 வரை இறங்கும். உங்கள் மேசை விளிம்பு இன்னும் உயரமாக இருந்தால் அதையும் அளந்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளம் 38 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். கியூவைத் தட்டையாகப் பிடித்தால் டிப் பந்தின் மேல்பாதியில்தான் படும். வெள்ளைப் பந்து எப்போதும் முன்னோக்கி உருண்டு, அடித்த பந்தின் பின்னாலேயே பாக்கெட்டுக்குள் விழப் பார்க்கும். நடுவில் அடித்தே ஆக வேண்டும் என்றால் கியூவின் தடித்த பின்முனையான அடிக்கட்டையை உயர்த்திக் கியூவை ஐந்து டிகிரி சாய்க்க வேண்டும். சாய்ந்த கியூவால் மையத்திலிருந்து சிறிது விலகி அடித்தாலும் பந்து வளைந்து ஓடும். பலமாக அடித்தால் துணியை விட்டுச் சற்று எழும்பவும் செய்யும். ஸ்பைடரில் இதைத் தவிர்க்க வழியில்லை, அதனால்தான் ஸ்பைடர் அடி எப்போதும் மென்மையாக இருக்க வேண்டும். கிராஸ் ரெஸ்டில் அந்தத் தொல்லையை நாமே விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை.

அமெரிக்கப் பந்தின் மையம் 28.6 மி.மீ. அதற்கு மேலே சொன்ன எண்களோடு மூன்று மில்லிமீட்டர் கூட்டிக்கொண்டால் போதும்.

எதில் செய்த தலை

பித்தளை கனமானது. வைத்த இடத்தில் நகராமல் நிற்கும், பல வருஷம் உழைக்கும். ஆனால் கீழே விழுந்து விழுந்து பள்ளத்தின் விளிம்பில் பிசிறு கிளம்பினால் கியூவின் மரத்தைக் கீறிவிடும். விரல் நகத்தைப் பள்ளத்தின் உள்ளே ஓட்டிப் பாருங்கள், நகம் எங்காவது மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. 400 எண் மணல்தாளால் தேய்த்து, பிறகு 1000 எண் தாளால் வழவழப்பாக்கினால் சரியாகிவிடும். டர்பனின் கடல் காற்றில், அதிலும் பிளஃப், மெரிபேங்க் போலக் கடலுக்கு அருகே உள்ள வீடுகளில், பித்தளையில் பச்சைக் களிம்பு சீக்கிரம் பிடிக்கும். அது கியூவில் கறையாக ஏறும். பாலிஷ் போட்டுத் துடைத்தால் களிம்பு போகும். போட்ட பாலிஷ் பள்ளத்தில் தங்கிவிடாமல் ஈரத் துணியால் ஒருமுறையும் உலர்ந்த துணியால் ஒருமுறையும் துடைத்துவிடுங்கள்.

பிளாஸ்டிக்கும் நைலானும் கியூவுக்கு இதமானவை, துருவோ களிம்போ கிடையாது, விலையும் குறைவு. எடை இல்லாததால் கையால் அழுத்தாவிட்டால் நகரும். மெல்லிய பிளாஸ்டிக் ஸ்பைடரின் கால்கள் காலப்போக்கில் விரிந்து, பள்ளத்தின் உயரம் குறைந்துவிடுவதும் உண்டு. வீட்டில் நிலையாக வைத்துக்கொள்ளப் பித்தளை, பையில் போட்டுக்கொண்டு போக நைலான். நல்ல ஆட்டக்காரர்களில் பலர் கடைசியில் வந்து சேரும் ஏற்பாடு இதுதான்.

தண்டின் நீளம்

கடையில் பெரும்பாலும் ஐந்தடித் தண்டைத்தான் காட்டுவார்கள். அது பன்னிரண்டு அடி ஸ்னூக்கர் மேசைக்கான வழக்கம். ஏழு அடி மேசையின் ஆடுபரப்பு ஏறக்குறைய 1.8 மீட்டருக்கு 0.9 மீட்டர். அகலவாக்கில் ரெஸ்ட் அவசியப்படுவது அரிது, நீளவாக்கில்தான் தேவைப்படும். 1.45 மீட்டர் கியூவை விளிம்பிலிருந்து 1.2 மீட்டர் உள்ளே நீட்டினால் வெளியே 25 செ.மீ. மிஞ்சும், பின்கை பிடிக்க அது வேண்டும். அதற்கு மேல் தூரமான பந்து என்றால் மேசையைச் சுற்றி மறுபக்கம் போய்விடலாம். ஆகவே ரெஸ்ட் தலை உள்ளே போக வேண்டிய அதிகத் தூரம் ஒரு மீட்டர். கை பிடிக்க 25 முதல் 35 செ.மீ. சேர்த்தால் 1.25 முதல் 1.35 மீட்டர் தண்டு தாராளம்.

வீட்டு கராஜில் மேசை போட்டிருப்பவர்கள் குட்டையான அளவையே எடுங்கள். ஒற்றைக் கார் கராஜ் ஏறக்குறைய மூன்று மீட்டர் அகலமும் ஆறு மீட்டர் நீளமும் இருக்கும். ஏழு அடி மேசையைச் சுற்றிலும் முழு நீளக் கியூவோடு தாராளமாக ஆட 5 மீட்டருக்கு 4.1 மீட்டர் இடம் வேண்டும். நீளத்தில் இடம் கிடைத்துவிடும், அகலத்தில் கிடைக்காது. சுவரோரமாகக் குறுக்காக நின்று ரெஸ்ட் பிடிக்கும்போது ஐந்தடித் தண்டின் வால் சுவரில் இடித்து, தலை அசைந்து பக்கத்துப் பந்தைத் தட்டும். அதுவும் ஃபவுல்தான்.

நல்ல தலை ஒன்று மட்டும் கைக்கு வந்திருந்தால் தண்டை இங்கேயே செய்துகொள்வது மலிவு. நீளமான பொதியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் செலவும் மிச்சம். ஹார்ட்வேர் கடையில் 22 அல்லது 25 மி.மீ. உருட்டுக் கட்டை கிடைக்கும். சலிக்னா கனமாகவும் உறுதியாகவும் இருக்கும். மெரான்டி இலேசு, இழைப்பது எளிது. பைன் வேண்டாம், வளையும்.

1. கட்டையைச் சமதளமான தரையில் உருட்டிப் பாருங்கள். நடுவில் தூக்கித் தூக்கி உருண்டால் அது வளைந்த கட்டை; வேறு எடுங்கள்.
2. 1.3 மீட்டருக்கு அறுத்து, தலையின் உள்துளை அளவுக்கு ஒரு முனையை ஏறக்குறைய 4 செ.மீ. நீளம் மெல்ல மெல்லச் சீவுங்கள். கையால் திருகினால் இறுக்கமாக ஏற வேண்டும். தளர்ந்துவிட்டால் அந்த முனையை அறுத்துவிட்டு மறுபடி சீவுவதே நல்லது. பசையால் நிரப்பினால் சில மாதத்தில் ஆடத் தொடங்கும்.
3. இரண்டு கலவை எப்பாக்ஸி தடவித் தலையை ஏற்றி, தலையின் கால்கள் சமமாக ஊன்றும்படி மேசைமேல் கிடத்துங்கள். 24 மணி நேரம் தொடாதீர்கள். தலையில் திருகுத் துளை இருந்தால், மரத்தில் 2 மி.மீ. துளை போட்ட பிறகே சிறிய பித்தளைத் திருகை ஏற்றுங்கள். துளையில்லாமல் ஏற்றினால் மரம் பிளக்கும்.
4. மறுமுனையை உருண்டையாக மழுக்கி, 120, 240 எண் தாள்களால் தேய்த்து, வார்னிஷ் மூன்று பூச்சு கொடுங்கள். வெட்டுமுனையை மறக்க வேண்டாம். டர்பன் கோடையின் ஈரம் மரத்துக்குள் போவது முக்கியமாக அந்த வழியில்தான்.

கடையில் கையில் எடுத்ததும்

தலையை ஒரு கையாலும் தண்டை மறு கையாலும் பிடித்து முறுக்குங்கள். இம்மியளவும் அசையக் கூடாது. திருகிப் பொருத்தும் தலையானால் இறுதிவரை திருகிய பின் பள்ளம் நேர் மேலே பார்க்கிறதா என்று பாருங்கள். சாய்ந்து நிற்பவை நிறைய வருகின்றன.

மேசையில் வைத்து, தண்டின் பின்பகுதி விளிம்பின் மேல் கிடக்கும்படி விடுங்கள். ஆட்டத்தில் தண்டு அப்படித்தான் கிடக்கும். அந்தச் சாய்விலும் தலையின் கால்கள் துணியில் ஊன்றி நிற்க வேண்டும். ஒரு கால் மட்டும் ஊன்றி ஆடினால் வேண்டாம்.

பிறகு உங்கள் சொந்தக் கியூவைப் பள்ளத்தில் வைத்து மெதுவாக முன்னும் பின்னும் பத்து முறை ஓட்டுங்கள். கடைக் கியூவில் ஓட்டிப் பார்த்துப் பயனில்லை. சத்தமில்லாமல், தட்டாமல், பக்கவாட்டில் அலையாமல் போனால் பள்ளம் பொருந்துகிறது. கால்களின் அடிப்பாகத்தையும் விரலால் தடவுங்கள். கூர்மையாக இருந்தால் துணியின் மயிரைப் பிய்த்துவிடும். நம் மேசைகளில் பெரும்பாலும் மயிர் எழும்பிய துணி என்பதால் இதில் கவனம் அதிகம் வேண்டும்.

நாணயச் சோதனையை எல்லோர் முன்னாலும் செய்யத் தயங்க வேண்டாம். அரை நிமிஷ வேலை.

பையில் கொண்டுபோகும் தலை

பல பப்புகளில் மேசையோடு ரெஸ்ட் இருக்காது. இருந்தாலும் தலை உடைந்ததோ தளர்ந்ததோதான் மாட்டியிருக்கும். அதற்காகவே இன்னொரு கியூவின் முனையில் செருகிக்கொள்ளும் தனித் தலைகள் விற்கின்றன; சுவரில் நிற்கும் பொதுக் கியூ ஒன்று தண்டாகிவிடும். வாங்கும்போது ஒன்றை மட்டும் உறுதிசெய்யுங்கள்: தலை கியூவின் மரத்தைப் பிடிக்க வேண்டும், டிப்பின் மேல் அழுந்தக் கூடாது. அழுந்தினால் டிப் பிதுங்கும், பப்காரருக்குக் கோபம் வரும், அந்தக் கோபம் நியாயமானது. உள்ளே ரப்பர் வளையம் உள்ளவை 8 முதல் 10 மி.மீ. கியூவையும் தடித்த கியூவையும் பிடித்துக்கொள்ளும். அடிக்கட்டையில் செருகும் வகையும் உண்டு. அதற்கு உள்விட்டம் 30 மி.மீ. அளவில் இருக்க வேண்டும்.

சொந்த ரெஸ்டை ஆட்டத்துக்குக் கொண்டுபோகலாமா? உலகப் பூல் சங்கத்தின் விதிகளில், வழக்கமான அமைப்பை ஒத்ததாக இருந்தால் சொந்த ரெஸ்டைப் பயன்படுத்தலாம். ஓர் அடிக்கு இரண்டு ரெஸ்ட் வரை வைக்கலாம், எப்படி வைப்பது என்பது ஆடுபவர் விருப்பம். உயரம் போதாதபோது ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றிக்கொள்வது இந்த விதிப்படிதான். உள்ளூர் லீகில் ஆடுவதானால் ஆட்டம் தொடங்கும் முன்பே எதிரணித் தலைவரிடம் காட்டிவிடுங்கள். பந்தை அடித்தபின் வாதாடுவதைவிட அது மேல்.

ரெஸ்டால் அடிக்கும் முறை

எவ்வளவு நல்ல ரெஸ்ட் வாங்கினாலும் முதல் வாரம் பந்து கோணலாகத்தான் போகும். கைக்கு இது வேறு அசைவு. கீழே சொல்வது வலக்கைக்காரருக்கு, இடக்கைக்காரர் திருப்பிக்கொள்ளவும்.

முதலில் ரெஸ்ட் இல்லாமலே கோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தலையை வெள்ளைப் பந்துக்கு 15 முதல் 20 செ.மீ. பின்னால், மேலிருந்து நேராக இறக்கி வையுங்கள். துணியில் தள்ளிக்கொண்டு போக வேண்டாம். தண்டு கியூவுக்கு நேர் கீழே கிடக்கக் கூடாது. வாலைச் சற்று இடப்பக்கம் ஒதுக்கினால் இரண்டு கைகளும் மோதாது. இடக்கையால் தண்டை மேசையோடு அழுத்திப் பிடியுங்கள். தண்டைத் தூக்கிப் பிடிக்கும் பழக்கம் வேண்டாம், அதில் தலை நடுங்கும்.

கியூவின் கடைசி முனையைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் இலேசாகப் பிடியுங்கள். முழங்கையைப் பக்கவாட்டில் உயர்த்தி, முன்கை தரைக்கு இணையாக இருக்கட்டும். மோவாய் கியூவுக்கு நேர் மேலே. அசைவு முழுவதும் முழங்கையிலிருந்து வர வேண்டும். தோள் அசைந்தால் கியூ கோடு மாறிவிடும். பின்னிழுப்பு குறைவாக, பத்து செ.மீ. போதும். டிப் வெள்ளைப் பந்தைத் தொட்ட பின்னும் கியூ நேராக முன்னே போகட்டும்.

நடுவில் மட்டும் அடியுங்கள். பின்சுழலும் பக்கச் சுழலும் ரெஸ்டில் பழகப் பல மாதங்கள் வேண்டும். பந்தைப் பாக்கெட்டில் போட்டு, வெள்ளைப் பந்தை ஏறத்தாழ நல்ல இடத்தில் விட்டாலே அந்த முறை உங்களுக்கு லாபம்.

வெள்ளைப் பந்து குஷனில் பட்டுத் திரும்பி ரெஸ்ட் பக்கம் வரக்கூடும். அது தலையைத் தொட்டால் ஃபவுல். ஆகவே அடி முடிந்ததும், முடிந்த பிறகு மட்டும், தலையை நேராக மேலே தூக்கிப் பின்னால் எடுங்கள். புதியவர்கள் பயத்தில் டிப் படும் கணத்திலேயே ரெஸ்டை இழுத்துவிடுகிறார்கள். பந்தின் மேல்பக்கம் மட்டும் உரசிக்கொண்டு டிப் போய்விடுவது பெரும்பாலும் அதனால்தான்.

பயிற்சிக்கு: மேசையின் நடுவில் வெள்ளைப் பந்தை மட்டும் வையுங்கள். ரெஸ்டால் அடித்து எதிர்க் குஷனில் பட்டுத் திரும்பும் பந்து மறுபடி டிப்புக்கு நேராக வருகிறதா பாருங்கள். வலமாகவே விலகி வந்தால் நடுவுக்கு வலப்பக்கம் அடிக்கிறீர்கள், இடமாக வந்தால் இடப்பக்கம். ஒரு நாள் வலமும் மறுநாள் இடமுமாக வந்தால், அடிக்கும் கையைத் திருத்துவதற்கு முன் தலை தண்டில் ஆடுகிறதா என்று பாருங்கள். தினமும் இருபது அடி, இரண்டு வாரம். பிறகு பாக்கெட்டுக்கு அரை மீட்டர் தள்ளி ஒரு பந்தை வைத்து நேர் அடிகள்; அதன் பின்னரே கோண அடிகள்.

வைக்கும் இடம்

ஆட்டம் முடிந்ததும் ரெஸ்டைச் சுவர் மூலையில் சாய்த்து வைக்காதீர்கள். டர்பன் ஈரப்பதத்தில் ஒரே கோடையில் தண்டு வளையும். மேசைக்கு அடியில் இரண்டு கொக்கிகளை ஒரு மீட்டர் இடைவெளியில் அடித்து, அவற்றில் படுக்கையாக மாட்டுங்கள். கொக்கி ரப்பர் உறை போட்டதாக இருந்தால் வார்னிஷ் உரியாது. தலையின் பக்கம் நடைபாதையை நோக்கி இருக்க வேண்டாம். குழந்தைகள் ஓடும் வீட்டில் பித்தளை ஸ்பைடர் அவர்களின் கண் உயரத்தில் நிற்கும். மாதம் ஒருமுறை பள்ளத்தில் படிந்த, டிப்பில் தேய்க்கும் சாக் தூளை உலர்ந்த துணியால் துடைத்து, தலையை ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிடுங்கள்.